‘இதோ, இப்படி’ இல்லாத ஓவிய வகுப்பு

“இங்க பாருங்க, இந்தக் கோட்டை இங்கேயிருந்து இப்படி எடுத்து, அப்படியே வளைச்சு, இதோ இங்க கொண்டுவந்து விடுறோம். சரியா?”

ஓவிய ஆசிரியர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லும் வாக்கியம் இது. நேரில் நடக்கும் வகுப்பில் பெரிய சிக்கல் இல்லை. புரியாதவர் எழுந்து பக்கத்தில் வந்து நிற்பார், நாமும் அவர் தாளிலேயே ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுவோம். இதே வாக்கியத்தை முப்பது மாணவர்கள் சேர்ந்திருக்கும் ஓர் இணைய வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பார்வையற்ற மாணவிக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. எந்தக் கோடு, எங்கேயிருந்து, எப்படி? காது கேளாத மாணவர் சைகை மொழிபெயர்ப்பாளரின் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று விநாடிக்குள் கோடு போட்டு முடிந்துவிட்டது. சிக்னல் சரியாக இல்லாத ஊரில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்குப் படம் உறைந்து நிற்கிறது, குரல் மட்டும் “இப்படி, அப்படி” என்று வந்துகொண்டிருக்கிறது.

கடைசியாகச் சொன்னவருக்கு உடலில் எந்தக் குறைபாடும் இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் அவரும் பார்வையற்ற மாணவியும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இந்த விஷயத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கண்ணிலோ காதிலோ இருக்கும் குறைபாடு ஒன்று. வகுப்பில் நாம் எழுப்பி வைத்திருக்கும் தடை வேறொன்று. முதலாவதற்கு ஆசிரியர் செய்ய எதுவும் இல்லை. இரண்டாவதில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது. அந்தத் தடையை எடுக்கும் வேலைக்குத்தான் ‘அணுகல்தன்மை’ என்ற பெரிய பெயர்.

2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது நானும் எல்லாரையும்போல ஃபோனை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஸ்கேலில் கட்டித் தொங்கவிட்டு, மேலேயிருந்து தாளைப் படம்பிடித்து வகுப்பு எடுத்தேன். ரொம்ப நன்றாகப் போகிறது என்ற நினைப்பில்தான் இருந்தேன். ஒருநாள் பதிவைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். எத்தனை ‘இப்படி’ என்று எண்ணத் தொடங்கி, ஐம்பதோடு நிறுத்திவிட்டேன். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன்; கேட்டவருக்கு ஒரு பூவின் இதழ்கூடக் கிடைத்திருக்காது.

யார் இந்த மாணவர்கள்?

மாற்றுத்திறனாளி என்றதும் நம் மனதில் வருவது வெள்ளைக்கோலும் சக்கர நாற்காலியும்தான். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், தசைச்சிதைவு, இரத்தம் உறையாமை எல்லாம் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் நிறுவனங்களிலும் குறைந்தது 5 சதவீத இடத்தை, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது இச்சட்டத்தின் 32-ஆம் பிரிவு. ஆகவே பல்கலைக்கழகத்தில் ஓவியமோ கலை வரலாறோ எடுப்பவர் “என் வகுப்புக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்” என்று இருக்க முடியாது. இன்னொன்று: பலருடைய குறைபாடு வெளியே தெரியாது, திரையில் சுத்தமாகத் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அக்கறை இல்லை என்று நாம் முடிவுகட்டியிருப்போம். அவருக்கு வலிப்பு மருந்தின் மயக்கம் தெளிந்திருக்காது.

நோக்கம் வேறு, வழி வேறு

அமெரிக்காவின் வட கரோலினாவில் ரொனால்ட் மேஸ் என்றொரு கட்டடக்கலைஞர் இருந்தார். சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு பின்பக்கமாக ஒரு சரிவுப்பாதையை ஒட்டவைப்பதற்குப் பதிலாக, வரைபடம் போடும்போதே எல்லாரையும் மனதில் வைத்தால் என்ன என்று கேட்டார். ‘பொது வடிவமைப்பு’ என்ற சொல் அவரிடமிருந்து வந்தது. படிக்கட்டோடு சரிவும் இருக்கும் வாசலில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறுகிறது? பெட்டியை உருட்டி வருபவர், மூட்டுவலிப் பாட்டி, குழந்தை வண்டி தள்ளுபவர் எல்லாரும் அந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள். இதே யோசனையைக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தது, 1984-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனம். அதன் வழிகாட்டுதல்கள் விரிவானவை. அதிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பாடத்தின் நோக்கத்தையும் அதற்குப் போகும் வழியையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

“இன்றைய பாடம்: கரிக்கோலால் ஒரு பானையை வரைதல்” என்று எழுதிவைத்தால், கரிக்கோல் பிடிக்க முடியாதவர் அப்போதே வெளியே போய்விட்டார். அந்தப் பாடத்தில் உண்மையில் நாம் கற்றுத்தர நினைத்தது என்ன? ஒரு பொருளின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருப்பதையா? வெளிக்கோட்டைக் கவனிப்பதையா? ஒளியும் நிழலும் உருண்டையை எப்படி உருண்டையாகக் காட்டுகின்றன என்பதையா? ஒத்திருப்பதுதான் பாடம் என்றால், அதை மடித்து வெட்டிய தாளில் செய்யலாம், சப்பாத்தி மாவில் செய்யலாம், மவுஸால் செய்யலாம். கரிக்கோல் ஒரு வழி மட்டும். ஆனால் ‘கரிக்கோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது’தான் பாடம் என்றால், அப்போது கரிக்கோலே நோக்கம், அதற்கு மாற்று தேடும் கதை வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், ஓவியப் பாடத்திட்டத்தில் நாம் நோக்கம் என்று நினைத்த பாதிக்குமேல் வெறும் பழக்கம் என்று தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

சொல்லால் காட்டுவது

இணைய வகுப்பில் பார்வையற்ற மாணவருக்கு முதல் வழி பட விவரிப்பு. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் பெரும்பாலானவர்கள் தவறாகவே தொடங்குகிறோம்.

சென்னை மெரினாவின் வடகோடியில் இருக்கும் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவிபிரசாத் ராய் சௌதுரி செய்தது. 1959-இலிருந்து அங்கே நிற்கிறது. “உழைப்பின் மேன்மையை உலகுக்குச் சொல்லும் அற்புதமான சிலை” என்று சொன்னால் நாம் எதையும் சொல்லவில்லை. அது நம் முடிவு. அந்த முடிவுக்கு வரத் தேவையான பொருளை மாணவரிடம் கொடுக்காமல், முடிவை மட்டும் கையில் திணிக்கிறோம்.

இப்படித் தொடங்கலாம்: “வெண்கலச் சிலை. நான்கு ஆண்கள். ஒரு பெரிய பாறையை நகர்த்தப் பாடுபடுகிறார்கள். இடுப்பில் மட்டும் துணி. யாரும் நேராக நிற்கவில்லை. நால்வர் உடலும் சாய்ந்தும் வளைந்தும் இருக்கின்றன. பாறை இன்னும் அசைந்து முடியவில்லை.” முதலில் என்ன பொருள், எத்தனை உருவம், என்ன நடக்கிறது. அப்புறம் உடல்கள் எப்படி இருக்கின்றன. கடைசியாகத்தான் நுணுக்கம். பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். நம் கண் எதில் முதலில் விழுந்ததோ அதிலிருந்து ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் பாறைக்கு முன்னால் கால்விரல் வந்து நிற்கும்.

இதற்கு மேல் ஒரு படி போகலாம். எல்லா மாணவர்களையும் எழுந்து, வீட்டுச் சுவரையோ பீரோவையோ இரண்டு கையாலும் முழு பலத்தோடு தள்ளச் சொல்லுங்கள். நேராக நின்று தள்ளிப் பாருங்கள், முடியாது. ஒரு கால் தானாகப் பின்னால் போகும். குதிகாலிலிருந்து இடுப்பு, தோள், உள்ளங்கை வரை ஒரே சாய்வாக உடல் இழுபடும். “இப்போது உங்கள் உடம்பில் ஓடுகிற அந்தக் கோடுதான் சாய்கோடு. அந்தச் சிலையில் இது நான்கு உடம்பில் இருக்கிறது” என்று சொன்னால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர் மேசையைத் தள்ளிப் பார்க்கலாம், சாய்வு இடுப்பிலிருந்து தொடங்கும். இந்தப் பயிற்சியைப் பார்வையற்றவருக்கென்று வைத்தேன். செய்து முடித்ததும் நன்றாகப் பார்வையுள்ள ஒரு மாணவர், “சாய்கோடு படத்துக்கு வேகம் தரும்னு எல்லா புத்தகத்திலயும் இருக்கும். ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்றார்.

இடம் சொல்லும்போது ‘அந்த ஓரத்தில்’, ‘இந்தப் பக்கம்’ வேண்டாம். கடிகார முறை நன்றாக வேலை செய்கிறது: “சூரியன் இரண்டு மணி இருக்கும் இடத்தில், படகு ஏழு மணியில்.” முள் கடிகாரம் பழகாதவர் இருந்தால் தாளை மூன்றுக்கு மூன்றாக மடித்து ஒன்பது கட்டமாக்கி, கட்டத்துக்கு எண் கொடுத்துவிடலாம். மடிப்பு விரலுக்குத் தெரியும். நிறங்களைச் சொல்லாமல் விடாதீர்கள். பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று சிலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். பாதியில் பார்வை இழந்தவருக்குச் சிவப்பு நன்றாக நினைவிருக்கும். பிறவியிலேயே பார்வையற்றவரும் சிவப்பைப் பற்றி ஆயிரம் கேட்டு வளர்ந்தவர்தான்.

தபாலில் போகும் வகுப்பு

இணைய வகுப்பு என்றால் எல்லாமே திரையில் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாடத்துக்குப் பத்து நாள் முன்பே ஒரு பொட்டலத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம். அதில் என்ன இருக்கும்?

முதலில் கொசுவலைப் பலகை. ஜன்னலுக்கு அடிக்கிற கம்பிவலையில் தாளளவுக்கு ஒரு துண்டு வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டி, நான்கு ஓரத்திலும் அகலமான டேப் சுற்ற வேண்டும். டேப்பை மறந்தால் வெட்டிய கம்பி விரலைக் குத்தும். இதன்மேல் தாளை வைத்து மெழுகு கிரையானால் அழுத்தி வரைந்தால், கோடு சொரசொரப்பான புள்ளி வரிசையாக எழும்பி நிற்கும். வரைந்த கையாலேயே தடவிப் பார்த்து, போன கோடு எங்கே போனது என்று தெரிந்துகொள்ளலாம். பென்சிலில் இது சரியாக வராது, கிரையான்தான். இன்னொரு வகை, மெல்லிய ரப்பர் ஷீட்டின்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி இழுப்பது. கோடு சுருங்கி மேலெழும். ஆசிரியர் முன்கூட்டியே செய்து அனுப்பும் படங்களுக்குச் சணல், கம்பளி நூல், துணியில் ஓவியம் தீட்டப் பயன்படும் திரீடி அவுட்லைனர் போதும். பெவிக்கால் கோடு காய்ந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். வசதியுள்ள பல்கலைக்கழகங்களில் சூடுபட்டால் உப்பும் தாள் இருக்கும். அதில் கறுப்பாக அச்சிட்ட கோடுகள் மட்டும் எந்திரத்தின் வெப்பத்தில் மேலெழும்.

தொடுகைப் படம் செய்யும்போது எல்லாரும் செய்யும் தவறு, கண்ணுக்கு அழகாக இருக்கும் படத்தை அப்படியே மேடாக்குவது. கண் ஒரே வீச்சில் முழுப்படத்தையும் எடுத்துக்கொள்ளும். விரல் துண்டு துண்டாகத்தான் சேர்க்கும். ஒரு தாளில் ஒரு விஷயம் போதும். மயிலின் முழுத்தோகையையும் சணலில் ஒட்டி அனுப்பினால் கிடைப்பவருக்கு அது ஒரு மிதியடி.

‘பார்வை இல்லாதவர் ஓவியம் படித்து என்ன செய்யப்போகிறார்?’ என்று கேட்பவர்களுக்கு வங்காள ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியைச் சொல்லலாம். 1904-இல் பிறந்தவர். பிறக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸின் மாணவராகப் படித்து, அங்கேயே ஆசிரியரானார். 1950-களின் பிற்பகுதியில், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, கண் அறுவைச் சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து முழுதாகப் பார்வை போனது. அதன்பிறகும் அவர் நிறுத்தவில்லை. தாளை வெட்டி ஒட்டினார், கோட்டுச்சித்திரம் வரைந்தார், களிமண் பிசைந்தார், கலை வரலாறு நடத்தினார். சாந்திநிகேதனில் ஒரு பெரிய பீங்கான் ஓட்டுச் சுவரோவியத்தையும் பார்வை போன பிறகுதான் செய்தார். அவருடைய மாணவரான திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். அவர் மேதை, எல்லாராலும் முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். பார்வையுள்ள மாணவர்களில் எத்தனை பேர் மேதை?

ஒரே ஜோடிக் கண்

காது கேளாதவர்களுக்கு ஓவிய வகுப்பில் என்ன கஷ்டம், கண் நன்றாகத்தானே தெரிகிறது என்று தோன்றும். அவர்களுடைய சிக்கல் அந்தக் கண்ணில்தான் வருகிறது. மற்றவர்கள் காதால் பேச்சையும் கண்ணால் தூரிகையையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு இரண்டும் கண் வழியாகவே வர வேண்டும். திரையின் ஒரு மூலையில் சைகை மொழிபெயர்ப்பாளர், நடுவில் ஆசிரியரின் கை, கீழே ஓடும் எழுத்துரை. இதற்கிடையில் தன்னுடைய தாளையும் குனிந்து பார்க்க வேண்டும். நான்கு இடம், ஒரே ஜோடிக் கண்.

மருந்து எளிது, பழகத்தான் நாளாகும். பேசுங்கள். நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பாளர் முடிக்கட்டும். பிறகு வாயைத் திறக்காமல் செய்து காட்டுங்கள். திரும்ப நிறுத்துங்கள், அவர்கள் தாளைப் பார்க்கட்டும். பேசிக்கொண்டே வரையும் வழக்கத்தை விடுவது ஓவிய ஆசிரியருக்குப் புகையிலையை விடுவதுபோல. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பார்வையற்றவருக்காக ‘இப்படி’யை விட்டுவிட்டு முழுச் சொல்லில் விளக்கப் பழகியிருந்தால், செய்வதற்கு முன்பே பேசி முடித்திருப்பீர்கள். ஒருவருக்காக மாற்றியது இன்னொருவருக்கும் வழிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளரிடம் முந்தின நாளே பாடக்குறிப்பைக் கொடுத்துவிட வேண்டும். ‘எதிர்வெளி’ (உருவத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடம்), ‘மறைபுள்ளி’ (தூரம் போகும் கோடுகள் சேர்வதுபோல் தெரியும் இடம்) போன்ற சொற்களுக்கு நிலைத்த சைகை இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாக விரலால் சொல்ல வேண்டிவரும். மாணவரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து அந்தப் பருவத்துக்கு மட்டுமாவது ஒரு சைகையை முடிவுசெய்துகொண்டால் நேரம் மிச்சம். மென்பொருள் தானாகப் போடும் எழுத்துரையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அன்றாடப் பேச்சை ஓரளவு பிடிக்கும். கலைச்சொல் வந்தால் உளறும்.

ஸ்கிரீன் ரீடருக்குக் கண் கிடையாது

பார்வையற்ற மாணவர்கள் கணினியிலும் ஃபோனிலும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பார்கள். திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் குரலாகச் சொல்லும் மென்பொருள். விண்டோஸுக்கான என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கியது, தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் கூடவே வருகின்றன.

ஆசிரியர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: நீங்கள் ‘ஸ்கிரீன் ஷேர்’ செய்து காட்டும் ஸ்லைடை அந்த மென்பொருளால் படிக்க முடியாது. உங்களுக்கு அது எழுத்து. அடுத்த முனையில் அது வெறும் வீடியோ. மாணவருக்கு ஒரு சத்தமும் வராது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் கதையும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆகவே கோப்பையே முன்கூட்டி அனுப்ப வேண்டும், படங்களுக்கு விவரிப்பு எழுதி.

தமிழில் பாடம் நடத்துபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பல ஆசிரியர்களின் பழைய குறிப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று பாமினியில் அடித்திருந்தால், ஸ்கிரீன் ரீடர் அதை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று எடுத்துக்கொண்டு ஏதோ முனகும். முப்பது பக்கப் பாடம் முழுவதும் இப்படி வந்தால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாலைநேர வேலை. நீங்கள் வாங்கப்போகும் எந்த விலையுயர்ந்த கருவியைவிடவும் இது அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

அப்புறம் சாட். வகுப்பில் “யெஸ் மேம்”, “குட் மார்னிங் சார்”, கைகூப்பும் பொம்மை என்று முப்பது பேர் தட்டுகிறார்கள். ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கும், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே. சந்தைக்கடை நடுவில் ஓவியம் படிப்பதுபோல. மாணவரே அறிவிப்பை அணைத்துவைக்கலாம், ஆனால் அப்போது உண்மையான கேள்வியும் அவருக்குத் தெரியாமல் போகும். சாட்டில் கேள்வி மட்டும், வணக்கம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

கை

கை நடுங்குபவர்கள், விரல் மடங்காதவர்கள், கையே இல்லாதவர்கள். பென்சிலில் பழைய துணியோ சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்கினால் பிடி கிடைக்கும். தாள் நகராமல் நான்கு மூலையிலும் டேப். 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நிற்க முடியாமல்போன பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிப் படுக்கையில் இருந்தபடியே சுவரில் வரைந்தார். வண்ணத்தாள்களைக் கத்தரித்து அவர் செய்தவை இன்று அவருடைய சிறந்த படைப்புகளில் சேர்கின்றன. வாயில் தூரிகையைக் கவ்வி வரைபவர்களும் காலால் வரைபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

கணினியில் வரைபவர்களுக்குக் கிரிட்டா என்ற இலவச மென்பொருளில், நடுங்கும் கோட்டைத் தானாகச் சீராக்கும் வசதி உண்டு. ஆனால் அதைப் போடுவதா வேண்டாமா என்பது மாணவரின் முடிவு. சிலருக்கு அந்த நடுக்கமே தன் கோடு. நல்ல ஓவியருடைய கோட்டில் இருக்கும் நடுக்கத்தை ‘உயிரோட்டம்’ என்று பாராட்டிவிட்டு, மாணவருடையதை மட்டும் திருத்தக் கிளம்புவது நியாயமாகப் படவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிறக்குருடு ஆண்களிடையே அதிகம், பலர் வெளியே சொல்வதில்லை. ‘சிவப்பால் குறித்த பகுதியைப் பாருங்கள்’ என்பதற்குப் பதிலாக எண்ணோ பெயரோ போடுங்கள். வண்ணக்குழம்பின் டப்பாவில் பெயர் எழுதியிருக்கட்டும். ஸ்லைடில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி-இருள் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் விதி. வெளிர்மஞ்சளில் வெள்ளை எழுத்து போடும் கலை ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். ஆட்டிசம், கவனக்குறைவு, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, இன்று என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்று முதலிலேயே எழுதிக்கொடுப்பது பெரிய உதவி. கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பதிவைக் கொடுங்கள்.

மதிப்பெண்

இங்கேதான் நேர்மையாக இருப்பது கடினம்.

ஒளியிலிருந்து இருளுக்கு ஐந்து படிகள் தீட்டுவது ஓவியத்தின் ஆரம்பப் பாடம். பார்வையற்ற மாணவிக்கு இதற்குப் பதிலாக ஐந்து தரத்து உப்புத்தாள் துண்டுகளைக் கொடுத்து, மழமழப்பிலிருந்து சொரசொரப்புக்கு வரிசையாக ஒட்டச் சொல்லலாம். பலரும் செய்வது. நல்ல பயிற்சிதான். ஆனால் அது ஒளியைக் கற்றுத்தரவில்லை. படிப்படியான மாற்றத்தைக் கற்றுத்தருகிறது. பாடத்தின் நோக்கம் படிநிலை என்றால் அவர் முழு மதிப்பெண்ணுக்குத் தகுதியானவர். ஒளிதான் என்றால், உப்புத்தாளை ஒளி என்று சொல்லி மதிப்பெண் போடுவது அவரையும் ஏமாற்றுவது, பாடத்தையும் ஏமாற்றுவது. வெயிலில் ஒரு பானையை வைத்து, வெயில் பட்ட பக்கம் எவ்வளவு சூடு, நிழல் பக்கம் எவ்வளவு குளிர்ச்சி, எந்த இடத்தில் சூடு குறையத் தொடங்குகிறது என்று கையால் தடவி, அதை அவர் களிமண்ணிலோ சொல்லிலோ பதிவுசெய்தால் ஒளிக்கு அருகில் வந்திருக்கிறோம். இரக்கத்தில் போடும் மதிப்பெண்ணைப் பெறுபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதைவிட அவமானம் வேறில்லை.

எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. செய்முறைத் தேர்வில் நேரத்தைக் கூட்டுவது எளிது. ஆனால் சொல்வதை எழுதலாம், சொல்வதை வரைய முடியுமா? கோட்டின் வளைவை யார் முடிவுசெய்தது? சிற்பக்கூடங்களில் பெரிய கலைஞர்கள் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் செதுக்குகிறார்கள், படைப்பு கலைஞர் பெயரில்தான் போகிறது. அதைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்றால், துறைத்தலைவருக்குத் துறைத்தலைவர் பதில் மாறுகிறது. பருவம் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். குழுவில் கேட்காதீர்கள். “உங்களுக்கு என்ன குறைபாடு?” என்றும் கேட்காதீர்கள், சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கிறது. “இந்த வகுப்பில் உங்களுக்கு எது இடைஞ்சலாக இருக்கும்?” என்று கேளுங்கள். நான் மென்பொருள், பொருள், நேரம் பற்றிப் பதில்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாணவி எழுதியிருந்தார்: “எனக்கு ஸ்கிரீன் ரீடர் எல்லாம் பழக்கம்தான் மேம். சாயந்திரம் ஆறரைக்கு மேல வகுப்பு வேண்டாம். பக்கத்து அறையில சீரியல் ஆரம்பிச்சிரும். அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.”

வகுப்பை நான்கு மணிக்கு மாற்றினேன்.